ஈசானிய மூலை

மந்தாரக்குப்பம், நெய்வேலி
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மலர்கொடி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். மாற்றலாகிப் போன இடத்து ராஜஸ்தான் வெயில் உங்களுக்கும் அண்ணிக்கும் ஒத்துக்கொண்டதா? போனில் நான் பேசுவது உங்களுக்கு மண் சுமக்கிற பெல்ட் ஓடுகிற இரைச்சலாகத்தான் விழுகிறது என்று அண்ணி சொன்னார்கள். சுரங்கத்து இயந்திரத்தோடு இத்தனை காலம் இருந்த காது, என்ன செய்யும்? இனி நமக்குள் பேச்சு காகிதத்தில்தான்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட பிணைப் பத்திரத்தைப் பொதுப்பணித் துறையில் ஏற்றுக்கொண்டார்கள். கம்மாபுரம் பக்கத்தில், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களுக்கான மாற்றுக் குடியிருப்பில் துணை சுகாதார நிலையம் கட்டும் வேலை அவர் பெயருக்கு வந்துவிட்டது. முன்பென்றால் வங்கியில் பணம் கட்டி முடக்கி வைக்க வேண்டும். இப்போது இன்சூரன்ஸ் கம்பெனி தரும் பத்திரத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள். கட்டுகிறவர் பாதியில் விட்டுவிட்டால் கம்பெனி அரசுக்குப் பணம் தரும். பிறகு அந்தப் பணத்துக்காகக் கம்பெனி, பின்னால் கையெழுத்துப் போட்டவர் வாசலுக்கு வரும். அந்த வாசல் உங்கள் காடாம்புலியூர் வீட்டு வாசல் என்பது எனக்கு ஒரு நாளும் மறக்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து இருக்க உங்களுக்கு அந்த ஒரு வீடுதான்.

இதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். "மச்சான் வூட்டுச் செங்கல்லு ஒண்ணு கூட ஆடாது மலரு. அப்பிடியே எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன்.

காலையில் மின்நிலையத்துப் புகை மேகம் மாதிரி நின்றுகொண்டிருக்கிறது. அதன் அடியில் முதல் ஷிப்ட் சைக்கிள்கள் போகின்றன. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் அன்பு.

மலர்கொடி

---

பிகானேர்
5 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை மலர்கொடிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் சுகம். நீயும் மாப்பிள்ளை சிலம்பரசனும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி சண்முகப்பிரியா கடிதத்தை முதலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். "ஒங்க தங்கச்சி நல்லா எழுதுது. வூடு போனாலும் இதே மாதிரி அழகா எழுதும்" என்றாள். மனசில் வைத்துக்கொள்ளாதே. வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. அவளும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பேச உரிமை உண்டு.

இங்கே மணல்மேடுகள் இடம் மாறுகின்றன. போன வாரம் ஜன்னலுக்கு நேரே இருந்த மேடு இந்த வாரம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. யாரும் பார்க்காதபோது நடக்கிறது போல. இதைக் கனவில் கண்டேனோ என்றுகூடச் சந்தேகம். கனவு என்றதும் உன் ஞாபகம் வந்தது. நம் அப்பாவிடம் கெட்ட சேதி எதையும் நேராகச் சொல்ல முடியாது. நீ குடத்தை உடைத்துவிட்டு, "அப்பா, கனா கண்டேன், கனாவுல குடம் ஒடஞ்சி போச்சி" என்பாய். "கனாவுக்கு யாரைப் போட்டு அடிக்கிறது?" என்று அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார். அதற்கப்புறம் நம் வீட்டில் எல்லாக் கெட்ட சேதியும் கனவாகத்தான் வந்தது.

ஒன்று கேட்க வேண்டும். கட்டுகிற இடத்தில் மண் எப்படி? மாப்பிள்ளையைக் கேட்டு எழுது.

அன்புடன்,
ஜெயப்பிரகாஷ்

---

மந்தாரக்குப்பம்
10 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். மண்ணைப் பற்றிக் கேட்டேன். செம்மண், கடப்பாரை போட்டால் பொறி பறக்கிறது என்கிறார். "கம்மாபுரத்துல பொறந்தவனுக்கு மண்ணு பாக்கத் தெரியாதான்னு ஒங்க அண்ணனைக் கேளு" என்று ஒரு கேலியும் சேர்த்து எழுதச் சொன்னார்.

ஈசானிய மூலையில் பூசை போட்டு அங்கிருந்துதான் கடக்கால் தோண்டினார்கள். சிமென்ட் மணல் எல்லாம் இறங்கிவிட்டது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் தூரத்தில் பழைய மண்மேடு தெரிகிறது. அதன்மேல் சவுக்கு வைத்துக் காடாக்கியிருக்கிறார்கள். மயில் வருகிறது. மேடு என்றே தெரியவில்லை, பிறந்ததிலிருந்து அங்கேயே இருக்கிற குன்று மாதிரி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போய்க் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தேன். முந்திரி துளிர்த்திருக்கிறது. மழை கூடி நிற்கிறது. குளிர் தொடங்குமுன் அண்ணிக்குக் கம்பளி வாங்கிக் கொடுங்கள்.

மலர்கொடி

---

பிகானேர்
24 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

கடிதம் இல்லை. எல்லாரும் சுகம்தானே? கடலூர் மாவட்டத்தில் பேய்மழை என்று டிவியில் காட்டினார்கள். அண்ணி போன் செய்தபோது "நல்லா இருக்கோம் அண்ணி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாயாம்.

நீ பழைய மேடு என்று எழுதியது எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிலக்கரிக்கு மேலிருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்தால் பெல்ட் அதைக் கொண்டுவரும். நான் ஓட்டிய இயந்திரம் அதை மலையாகக் கொட்டும். அந்த மேடும் நான் கொட்டியதாக இருக்கலாம். மேட்டின் அடிவாரம் கண்ணுக்குத் தெரிவதைவிட நீண்டு கிடக்கும். அதன்மேல் டம்ப்பர் வண்டிகள் ஓடி ஓடி மேல்தோல் கல்லாகிவிடும். கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். உள்ளே அப்படி இல்லை. கொட்டிய மண் சீக்கிரம் தூங்காது மலரு. வருஷக்கணக்கில் புரண்டு புரண்டு படுக்கும். கையில் அள்ளிப் பார். ஒரே பிடியில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு மூன்றும் கலந்திருந்தால் அது நாங்கள் கொட்டியது. பிறந்த மண் நிறம் நிறமாக அடுக்கி இருக்கும், வேர் ஓடிய தடம் இருக்கும்.

மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

ஜெயப்பிரகாஷ்

---

மந்தாரக்குப்பம்
29 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே இருவரும் நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். மழையில் தபால்பெட்டிப் பக்கம் போக முடியவில்லை. உங்கள் வீட்டு ஓடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எழுத வேறு சேதி இல்லை. மத்தியானம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு வந்தது, அதைச் சொல்கிறேன். கனவில் அந்தக் கட்டடம் ஜன்னல் மட்டம் வரை எழும்பி நிற்கிறது. மழை விட்டு வெயில் அடிக்கிறது. சுற்றித் தேங்கிய தண்ணீரில் சுவர்கள் தலைகீழாகத் தெரிகின்றன. பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஈசானிய மூலை மெதுவாக உட்காருகிறது. மாடு படுக்குமே, முதலில் முன்னங்காலை மடக்கி, அப்படி. சத்தமே இல்லை. சுவரில் ஒரு கோடு மட்டும் ஏணிப்படி மாதிரி ஏறிப் போகிறது.

அவர் பள்ளத்தில் இறங்கி மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறார். மூன்று நிறம். அதைக் கீழே போடாமல் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்து, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். டாக்டர் வந்து பார்த்து, உடம்பில் ஒன்றும் இல்லை, மனசு களைத்துப்போயிருக்கிறது, தானாகத்தான் எழுந்திருக்க வேண்டும் என்கிறார். கனவிலும் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன்.

எழுந்த பிறகு சிரிப்புதான் வந்தது. வெறும் கனவு. அண்ணியிடம் சொல்லாதீர்கள், பயப்படுவார்கள். பொங்கல் வாழ்த்துகள்.

மலர்கொடி

---

பிகானேர்
12 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பொங்கல் வாழ்த்துகள். நாங்கள் நலம். இருவரும் நலம் என்று நீ எழுதியதில் சந்தோஷம்.

உன் கனவைப் பல முறை படித்தேன். கனவு என்றாலும் அரைகுறையாக விடக் கூடாது, மறுபடி வந்து தொல்லை கொடுக்கும். அடுத்த முறை வந்தால் இப்படிச் செய். அந்த மூலையைப் பூசி மறைக்காதே. அந்த இரண்டு பக்கச் சுவரையும் தயங்காமல் இடித்து எடு. மற்றதற்கு முட்டுக் கொடு. அப்புறம் தோண்டு. பிறந்த மண் வரும்வரை தோண்டு. வந்ததும் உனக்கே தெரியும், வேர்த்தடம் இருக்கும், கையில் பிசுபிசுக்கும். அங்கிருந்து கல்லும் கான்கிரீட்டும் போட்டு மேலே வா. சுற்றிலும் கம்பி கட்டி நான்கு மூலையையும் ஒரே பெல்ட்டாகப் பிணைத்துவிடு. எதையும் செய்யுமுன் துறை இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டு. கனவில் வருகிற இன்ஜினியர்கள் கூடச் சொல்லாமல் செய்தால் கோபிப்பார்கள்.

கனவில் படுத்திருப்பவரை எழுப்பாதே. சோறு வைத்துவிட்டுப் போ.

அண்ணி பக்கத்தில் நின்று, "அந்தப் புள்ளைக்கு என்ன கனா, நான் கேக்கக்கூடாதா?" என்றாள். வெயில் கனவு என்றேன். நம்பவில்லை.

ஜெயப்பிரகாஷ்

---

மந்தாரக்குப்பம்
23 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரும் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

நீங்கள் சொன்ன மாதிரியே கனவு மறுபடி வந்தது. அடிக்கடி வருகிறது. கனவில் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை பஸ்ஸில் போகிறேன். பொற்கொடி என்று ஒரு சித்தாள் இருக்கிறாள், கொத்தனார்களையே மிரட்டுகிறவள். என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, கான்ட்ராக்டர் வூட்டம்மா மம்பட்டி புடிச்சா மண்ணு பயந்துகினு எழுந்துக்குமா?" என்றாள். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்பிடிப் புடிச்சா சாயந்தரம் கை வெந்துபோவும்" என்று மம்பட்டியைப் பிடுங்கிச் சரியாகப் பிடிக்கக் காட்டிக் கொடுத்தாள்.

தோண்டத் தோண்ட மூன்று நிறம்தான். வெள்ளை மணல் கட்டி, மஞ்சள் களி, நடுவில் ஒரு கிழிந்த பெல்ட் ரப்பர் துண்டுகூட வந்தது. "ஈசானி மூலை தாழ்ந்திருந்தா லட்சுமி வருவான்னு சொல்லுவாங்க. இது லட்சுமியையே உள்ள இழுத்துக்கும் போல" என்றாள் பொற்கொடி. பள்ளத்துக்குள் எல்லாரும் சிரித்தோம். அப்புறம் ஒரு நாள் மம்பட்டி வேறு மாதிரி இறங்கியது. சாம்பல் நிறக் களிமண். அதில் நூல் நூலாகப் பழைய வேர். நான் அந்த மண்ணில் கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. அது தூங்குகிற மண், அண்ணா.

இன்ஜினியர் பவித்ரா அம்மா பள்ளத்தில் இறங்கி அளந்து பார்த்துச் சரி என்றார்கள். ஏறும்போது, "சிலம்பரசன் சார் எங்கங்க?" என்றார்கள். கம்பி வாங்க விருத்தாசலம் போயிருக்கிறார் என்றேன். "போன வாரமும் விருத்தாசலம்தானேங்க" என்று என் கையைப் பார்த்தார்கள்.

கனவில்தான் இதெல்லாம். அண்ணிக்கு என் அன்பு.

மலர்கொடி

---

பிகானேர்
9 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். இருமல் நின்றுவிட்டது. உன் கைக்கு இரவில் தேங்காய் எண்ணெய் போடு. கனவில் வெந்த கைக்கும் அது கேட்கும்.

இனிக் கூரை வரும். தளம் போடும் நாளில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் போட்டு முடிக்கச் சொல். மறுநாள் முதல் தண்ணீர். வைக்கோலைப் பரப்பி நனைத்து வை. வெயில் ஏறுமுன் ஒரு முறை, சாய்ந்த பின் ஒரு முறை. சோம்பி ஒரு நாள் விட்டால் கனவுத் தளமும் வெடிக்கும்.

வேறு சேதி இல்லை. மாதக் கடைசியில் லீவு போட்டிருக்கிறேன். உன் அண்ணி ஜெய்ப்பூரில் அரண்மனை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ஒரு நாள் போய்விட்டு வருகிறோம்.

ஜெயப்பிரகாஷ்

---

மந்தாரக்குப்பம்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். ஜெய்ப்பூர் அரண்மனை எப்படி இருந்தது? அண்ணிக்குப் பிடித்ததா?

உங்கள் வீட்டுப் பலா காய்த்துத் தொங்குகிறது. வெளிக்கேட்டில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். ஏனோ சாவி போட மனசு வரவில்லை.

கனவில் தளம் போட்டாகிவிட்டது. வைக்கோல்மேல் தண்ணீர் ஊற்றும்போது நீராவி எழும்பி என்னைச் சுற்றிக்கொள்கிறது. அந்த நேரம் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரிவதில்லை. தூரத்தில் சுரங்கத்து மண்வெட்டும் ராட்சதச் சக்கரம் ஆகாயத்தைத் தோண்டுகிறது.

இன்னொரு கனவும் வந்தது. அதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். மூலையை இடித்துக் கட்டியதில் வேலை கெடு தாண்டிவிட்டது. கூடுதல் காலம் தருவார்கள். ஆனால் பிணைப் பத்திரத்தையும் அதே அளவு நீட்டித்துக் கொண்டுவந்தால்தான் தருவார்கள், அது விதி. இல்லையென்றால் ஒப்பந்தத்தை ரத்துசெய்து கம்பெனியிடம் பணம் கேட்பார்கள். நீட்டிக்க வேண்டுமென்றால் பின்னால் கையெழுத்துப் போட்டவர்கள் மறுபடி போட வேண்டும். கனவில் நான் ஒரு பெரிய கூடத்தில் நிற்கிறேன். எதிரே நீங்களும் அண்ணியும் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்க வாய் திறக்கிறேன். வாய் நிறைய மூன்று நிற மண்.

கனவில் அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. மார்ச்சில் ஒரு நாள் மட்டும், நான் திரும்பி வந்தபோது சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செருப்பில் புழுதி இருந்தது. எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணா.

மலர்கொடி

---

பிகானேர்
11 மே 2025

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். இந்த முறை நான் ஒரு கனவு சொல்கிறேன்.

கனவில் நானும் உன் அண்ணியும் ஜெய்ப்பூர் போனோம். அரண்மனையை ஆட்டோவிலிருந்து பார்த்தோம், அவ்வளவுதான். நேரே இன்சூரன்ஸ் ஆபீஸ். ஈசானிய மூலை உட்கார்ந்ததாக நீ எழுதிய அன்றே எனக்குத் தெரியும், வேலை கெடுவுக்குள் முடியாது, பத்திரத்தை நீட்டித்தாக வேண்டும் என்று. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இந்தியில் என்னவோ கேட்டார். எனக்குக் காது இல்லை. உன் அண்ணிக்கு இந்தி இல்லை. ஒப்பந்ததாரர் உங்களுக்கு யார் என்று கேட்டிருக்கிறார். கையால் ஜாடை காட்டியதும் அண்ணிக்குப் புரிந்து, "எங்க வூட்டு மாப்பிள்ளைங்க" என்று தமிழிலேயே சொன்னாள். அவர் தலையாட்டிப் பேனாவை நீட்டினார்.

நான் முதலில் போட்டேன். அடுத்து அவள் போட வேண்டும். அவள் போடாவிட்டால் அது செல்லாது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என் முழங்கையில் இடித்துக் காதருகே கத்தினாள். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஒங்க தங்கச்சி அங்க மம்பட்டி புடிச்சிகினு நிக்குது. நான் பேனா புடிக்க மாட்டனா?" உன் கனவையெல்லாம் எப்போது எடுத்துப் படித்தாள் என்று தெரியவில்லை.

நீட்டிக்க ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட மனுவும் வேண்டும். அதற்காக மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு தபால் அனுப்பியிருந்தேன், நீ சைட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் வரும்படி. உன்னிடம் சொல்ல வேண்டாம், முடிந்தால் போட்டு அனுப்புங்கள் என்று மட்டும் எழுதினேன். மனு திரும்பி வந்தது. கூட ஒரு சொல் இல்லை. கையெழுத்து இருந்தது. அந்தப் புழுதி தபால் ஆபீஸ் புழுதிதான் மலரு.

நீட்டித்த பத்திரம் துறைக்கு வந்து சேர்ந்திருக்கும். இன்ஜினியர் அம்மாவைக் கேள். உன் அண்ணி ஒரு பலாப்பழம் கேட்கிறாள். சாவி போட்டு உள்ளே போய் நல்லதாகப் பார்த்து அறு.

ஜெயப்பிரகாஷ்

---

மந்தாரக்குப்பம்
2 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். மே மாதக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். இடையில் பலாச்சுளையும் முந்திரியும் மட்டும்தான் அனுப்பினேன். பல முறை உட்கார்ந்தேன். கனவில்லாமல் எழுதிப் பழக்கம் இல்லை.

பத்திரம் வந்து சேர்ந்திருந்தது. காலமும் கொடுத்தார்கள். ஜூலைக் கடைசியில் கட்டடத்தை ஒப்படைத்தோம். பொற்கொடி புதுச் சேலை கட்டி வந்து, "கான்ட்ராக்டரம்மா" என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டு என் மானத்தை வாங்கினாள். அவர் வரவில்லை. வீட்டில் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். டீ போடுவார். கட்டடம் பற்றி ஒரு பேச்சு கிடையாது. ஒப்படைத்தாலும் முடியவில்லை, குறிப்பிட்ட காலம்வரை விரிசல் ஏதும் வந்தால் நாம்தான் பொறுப்பு. அந்தக் காலம் தீர்ந்து, அதற்குமேல் இரண்டு மாதமும் கழிந்த பிறகுதான் பத்திரம் விடுபடும். நடுவில் ஒரு மழைக்காலம் இருக்கிறது. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அதைத்தான் நினைத்திருக்கிறார்.

போன வாரம் மழை இறங்கியது. இரண்டாம் நாள் காலையில் அவர் குடையை எடுத்தார். "எங்க?" என்றேன். படி இறங்கினார். நானும் கூடவே பஸ் ஏறினேன். குடியிருப்பைச் சுற்றித் தண்ணீர், கட்டடம் மறுபடி தலைகீழாகத் தெரிந்தது. உள்ளே நர்ஸ் அம்மா குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே அழுகை. அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே ஈசானிய மூலைக்குப் போய், அந்த இரண்டு சுவரும் சேருகிற இடத்தில் முதுகைச் சாய்த்து நின்றார். நர்ஸ் அம்மா, "ஊசிக்கு வந்தீங்களா?" என்றார்கள். இல்லை என்று தலையாட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். முதுகால் சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். மழை விட மத்தியானம் ஆயிற்று. அதுவரை நகரவில்லை. நான் எதிர்ப் பெஞ்சில் தாய்மார்களோடு உட்கார்ந்திருந்தேன்.

மழை விட்டதும் கண்ணைத் திறந்தார். சுவரை உள்ளங்கையால் தட்டினார்.

"நிக்குது மலரு" என்றார். "மச்சானுக்கு எழுதிடு."

எழுதிவிட்டேன். இங்கே இருவரும் நலம்.

மலர்கொடி